ஒரே தொடுகை, இரு சான்று: ஒன்றை அழித்துத்தான் மற்றொன்றை எடுக்க வேண்டுமா?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் அறிவியல் முகாம்களுக்கும் தன்முனைப்பு முகாம்களுக்கும் பஞ்சமே இருப்பதில்லை. அவற்றில் பலவற்றிலும் இடம்பெறும் ஓர் அங்கம் 'துப்பறியும் அறிவியல்'. ஒரு கண்ணாடிக் குவளை, பென்சில் கரித்தூள், சிறு தூரிகை, ஒளிபுகும் ஒட்டுநாடா ஆகியவை இருந்தால் போதும். மாணவர் குவளையின்மேல் தூளைத் தூவி, தூரிகையால் மெல்ல நீவி, எழுந்து வரும் ரேகையை ஒட்டுநாடாவில் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுகிறார். மண்டபமே கைதட்டுகிறது. "குற்றவாளி அகப்பட்டான்!" என்று முழங்குகிறார் நடத்துநர். அடுத்த மூச்சிலேயே, "ஆனால் இதெல்லாம் பழங்கதை. இப்பொழுது டி.என்.ஏ. வந்துவிட்டது. ஒரு முடி கிடைத்தால் போதும், இனி ரேகைக்கு வேலையே இல்லை" என்றும் சொல்லி வைக்கிறார்.

இந்தப் பேச்சை நம் பள்ளி மண்டபங்களில் இனியும் அனுமதிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். முகாமில் சொல்லப்படும் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இத்தனைச் சினம் தேவையா என்று சிலர் கேட்கலாம். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைதான் நாளை காவல் அதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் அமரப் போகிறது. சில வேளைகளில் குற்றவாளிக் கூண்டிலும் நிற்கப் போகிறது. ஆகவே பொறுமையாக மேலே படியுங்கள்.

முதலில் அந்த முடியை முடித்துவிடுவோம். வேரோடு பிடுங்கப்பட்ட முடி வேறு, தானே உதிர்ந்த முடி வேறு. வேரில்லாத முடித்தண்டில், ஆளை அடையாளம் காணும் வழக்கமான ஆய்வுக்கு வேண்டிய உட்கரு டி.என்.ஏ. பெரும்பாலும் போதிய அளவில் இருப்பதில்லை. தாய்வழியாக வரும் இழைமணி டி.என்.ஏ.வைத்தான் அதில் எதிர்பார்க்கலாம். அஃதோ ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவானது. "ஒரு முடி போதும்" என்பது தொலைக்காட்சித் தொடர்கள் கற்பித்த பாடம்.

இனி விடயத்திற்கு வருவோம். 'ரேகையா, டி.என்.ஏ.வா?' என்ற கேள்வியே பிழையானது. அவ்விரண்டும் போட்டியாளர்கள் அல்ல. பெரும்பாலான தடயப் பொருள்களில் அவை ஒரே இடத்தில், ஒரே தொடுகையில் பிறந்த இரட்டையர்.

நம் விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள் தாயின் கருவறையிலேயே, ஏறத்தாழ 10ஆம் கிழமையில் தோன்றத் தொடங்கி 24ஆம் கிழமை வாக்கில் நிலைபெற்றுவிடுகின்றன. (இந்த வரிகளைப் பார்த்துப் பிள்ளையின் அறிவாற்றலைக் கணித்துத் தருவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் கட்டணம் பெறும் கூட்டமொன்று நம்மிடையே உலவுகிறது. அதற்கு நம்பத்தகுந்த அறிவியல் சான்று ஏதுமில்லை. பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்!) அம்மேடுகளின் முகட்டில் வியர்வைத் துளைகள் வரிசையாக அமைந்துள்ளன. நாம் ஒரு பொருளைத் தொடும்பொழுது, வியர்வையில் உள்ள நீரும் உப்பும் அமினோ அமிலங்களும், முகத்தையும் தலையையும் தொட்டதால் விரலில் ஏறிய எண்ணெய்ப் பசையும் அவ்வரிகளின் வடிவிலேயே பொருளில் படிகின்றன. அதுவே ரேகைப் பதிவு. அதே கணத்தில், அதே இடத்தில், உதிர்ந்த தோல் உயிரணுக்களும் வியர்வையோடு கலந்து வந்த டி.என்.ஏ. துணுக்குகளும் ஒட்டிக்கொள்கின்றன.

மாணவருக்கு எளிதாகச் சொல்ல வேண்டுமானால் வாசலில் போட்ட கோலத்தைக் காட்டலாம். கோலத்தின் வடிவம் ரேகை; கோலம் போட்ட மாவு டி.என்.ஏ. வடிவத்தைப் பார்த்தால் போட்ட கை யாருடையது என்று சொல்லலாம். மாவைச் சோதித்தால் அஃது எந்த வீட்டு மாவு என்று சொல்லலாம். ஆனால் மாவை அள்ளினால் கோலம் போய்விடும் அல்லவா? தடயவியலின் மிகப் பழைய தலைவலிகளுள் ஒன்று இந்தக் கோலத்திற்குள் அடங்கிவிடுகிறது.

இத்தலைவலி எப்பொழுது தொடங்கியது என்பதைத் துல்லியமாகவே சொல்லலாம். 1984ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். அக்காலத்தில் ஆய்வுக்குக் குருதியோ, விந்தோ, கணிசமான அளவில் தேவைப்பட்டது. ஆகவே ரேகை எடுப்பவர் ஒருபுறமும் குருதிக்கறை எடுப்பவர் மறுபுறமுமாக வேலை செய்தனர், மோதலுக்கு இடமில்லை. பிறகு பி.சி.ஆர். முறை வந்தது. கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சியை விட்டுச் சோதித்தார்களே, அந்தச் சோதனையின் அடிப்படையும் அதே நகலெடுப்பு முறைதான். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், முப்பது சுற்றில் நூறு கோடியைத் தொடும். அந்த ஆற்றல் கைக்கு வந்தபின், 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தடயவியல் அறிஞர்கள் ரோலண்ட் வான் ஊர்ஷாட், மேக்ஸ்வெல் ஜோன்ஸ் ஆகிய இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். கையால் தொடப்பட்ட பொருள்களிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கலாம் என்று அதில் மெய்ப்பித்துக் காட்டினர். ஒருவருடைய டி.என்.ஏ. இன்னொருவர் கைக்கு மாறிச் செல்லும் என்பதையும் அதே கட்டுரையில் அவர்கள் குறிப்பிட்டிருந்தனர். முதல் செய்தியை உலகம் கொண்டாடியது. இரண்டாம் செய்தியைப் பலர் படிக்காமலே விட்டனர்.

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வின் எடை ஏறத்தாழ 6 பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இன்றைய கருவிகளுக்கு நூறு பிக்கோகிராம் அளவு, அதாவது இருபது உயிரணுக்களுக்கும் குறைவானது கிடைத்தாலே நல்ல ஆய்வு முடிவு வரக்கூடும். அன்று முதல் ஒவ்வொரு விரல்ரேகையும் டி.என்.ஏ. தடயமாகவும் ஆகிவிட்டது, மோதலும் தொடங்கிவிட்டது.

மோதல் எப்படி நிகழ்கிறது? டி.என்.ஏ. எடுப்பவர் ஈரப் பஞ்சுக்குச்சியால் பொருளைத் துடைப்பார். துடைத்த இடத்தில் ரேகை அழிந்துபோகும். ரேகை எடுப்பவர் தூள் தூவித் தூரிகையால் நீவுவார். தூரிகை முனை உயிரணுக்களை வாரிக்கொண்டு போகும். அது மட்டுமன்று, அதே தூரிகை நேற்று வேறொரு வீட்டில் வேறொரு பொருளை நீவியிருந்தால், அங்கிருந்த டி.என்.ஏ.வை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். 2005ஆம் ஆண்டில் அதே வான் ஊர்ஷாட் குழுவினர் இதனை ஆய்ந்து எச்சரித்தனர். நம் முகாம்களில் ஒரே தூரிகை நாற்பது மாணவர் கைக்கு மாறுகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எச்சரிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

சில முறைகள் இன்னும் கொடியவை. ரேகையைத் தேடக் குறு அலைநீளப் புறஊதா ஒளியை நீண்ட நேரம் பாய்ச்சினால் அவ்வொளி டி.என்.ஏ. இழையையே சிதைக்கும். வெள்ளிக் கரைசலில் தாளை ஊறவைத்துப் பலமுறை கழுவும் முறை, நனைந்த பழந்தாளிலும் ரேகையைக் காட்டும் அருமையான முறைதான். ஆனால் அத்தனைக் கழுவலுக்குப் பின் டி.என்.ஏ. எங்கே மிஞ்சும்?

ஆயினும் இரண்டையும் எடுக்கவே முடியாது என்று எவரேனும் சொன்னால் அஃது உண்மையன்று. நம் வீட்டில் உடைந்த காலணியை ஒட்டப் பயன்படும் சூப்பர் குளூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். ஈரப்பதம் மிகுந்த மூடிய பெட்டிக்குள் அதனைச் சூடாக்கினால் எழும் ஆவி, கண்ணுக்குத் தெரியாத ரேகையின்மேல் படிந்து வெண்ணிறமாக உறைந்துவிடும். 1970களின் இறுதியில் ஜப்பானியக் காவல்துறை ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட முறை இது. பொருளைத் தூரிகையோ விரலோ தொடுவதில்லை. உறைந்த ரேகையைப் படமெடுத்தபின், அதே ரேகையைத் துடைத்து டி.என்.ஏ. எடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். தாளுக்கு நின்ஹைட்ரின் உண்டு. 1910இல் கேம்பிரிட்ஜில் ரூஹெமான் கண்டறிந்த இப்பொருள், வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். 1954இல் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் அதனை ரேகை எடுக்கப் பயன்படுத்தலாம் என்றனர். நின்ஹைட்ரினில் நனைந்த தாளிலிருந்தும் டி.என்.ஏ. கிடைக்கிறது. ஆக, முறைகள் இருக்கின்றன. முறைகளுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. எதையும் தொடாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் முதலில், பொருளை மாற்றாத ஒளிச்சோதனை அடுத்து, ஆவி அதற்கடுத்து, கழுவலும் ஊறலும் கடைசியில். இவற்றுக்கிடையே எந்த இடத்தில் பஞ்சுக்குச்சி நுழைய வேண்டும் என்பதைப் பொருளைக் கையில் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பொருள் மேசைக்கு வந்தபின் யார் முதலில் கையுறை போட்டாரோ அவர் வேலை முதலில் என்பது முறையாகாது.

கைதேர்ந்த ஆய்வாளரின் நுட்பம் வெளிப்படுவது இடத்தைப் பிரிப்பதில்தான். ஒரு நெகிழிப் பையை எண்ணிப் பாருங்கள். வழவழப்பான நடுப்பகுதியில் தெளிவான ரேகை கிடைக்கலாம். அங்கே குச்சி போகக் கூடாது. பையின் வாயை முறுக்கிக் கட்டிய முடிச்சில் ரேகை தெளிவாக விழாது. சுருக்கமும் மடிப்புமாக இருக்கும். ஆனால் கட்டியவன் அங்கேதான் விரலை அழுத்தி இழுத்திருப்பான். முடிச்சின் உள்மடிப்பு வெளிக்கைகள் படாமல் காக்கப்பட்டும் இருக்கும். அங்கே குச்சி போகலாம். ஒட்டுநாடாவால் சுற்றிய பொட்டலமாக இருந்தால் இன்னும் நல்லது. நாடாவின் நுனியைத் தேடி நகத்தால் பிரிக்கும் பழக்கம் இல்லாதவர் யார்? பசையுள்ள பக்கத்தில் ரேகையும் பதியும், உயிரணுவும் சிக்கும். கையுறை போட்டவன்கூட நாடா நுனியைப் பிரிக்கும்போது கையுறையைக் கழற்றிவிடுவதுண்டு. குழம்பிக் கிடக்கும் ரேகை ஒப்பீட்டுக்கு உதவாது. ஆனால் அதே குழம்பிய ரேகை டி.என்.ஏ.வுக்கு நல்ல விளைநிலம். முடிச்சை அவிழ்க்காதே, முடிச்சுக்கு அப்பால் வெட்டு என்பது பயிற்சி பெற்றவர் அறிந்த விதி. அவசரத்தில் முடிச்சை அவிழ்க்கும் கை, கட்டியவனின் தடயத்தை அழித்துத் தன் தடயத்தை அங்கே வைத்துவிடுகிறது.

குருதியில் பதிந்த ரேகை இவை எல்லாவற்றிலும் வியப்பானது. வரிகள் ஒருவருடையவை, குருதி வேறொருவருடையது. வரியைப் படித்தால் தொட்டவர் தெரிவார், குருதியின் டி.என்.ஏ.வைப் படித்தால் தாக்கப்பட்டவர் தெரிவார். ஒரே கறையிலிருந்து இரு கேள்விகளுக்கு இரு விடைகள். ஒன்றை மட்டும் எடுத்து மற்றொன்றை விட்டால் கிடைப்பது பாதி வாக்கியம். எழுவாய் இருக்கும், செயப்படுபொருள் இராது. தமிழாசிரியர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சரி, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதாதா, இரண்டும் எதற்கு? இந்தக் கேள்விக்குத்தான் முகாம் நடத்துநர்கள் விடை சொல்ல மாட்டார்கள்.

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் இரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிதூண்டிகள் இருந்த ஒரு நெகிழிப் பையில் ரேகை ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்த ரேகை ஓரெகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று உறுதியாகச் சொன்னது. நிறுவனத்தின் தேர்ந்த ஆய்வாளர் மூவர் ஒப்புக்கொண்டனர். நீதிமன்றம் அமர்த்திய தனி வல்லுநரும் ஒப்புக்கொண்டார். அந்த வழக்கறிஞர் இரண்டு கிழமை சிறையில் இருந்தார். பிறகு ஸ்பானியக் காவல்துறை, ரேகை அல்ஜீரிய நாட்டவர் ஒருவருடையது என்று கண்டறிந்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. 2006இல் இருபது இலட்சம் டாலர் இழப்பீடும் கொடுத்தது. விரல்ரேகை ஒப்பீட்டில் பிழையே வராது என்ற பழம்பெருமை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவில் 169 ரேகை ஆய்வாளரை வைத்து நடத்திய ஆய்வில், வெவ்வேறு ஆள்களின் ரேகைகளை ஒன்றே என்று தவறாகச் சொன்னது 0.1 விழுக்காடு, ஒரே ஆளின் ரேகையை வேறு என்று தவறாகத் தள்ளியது 7.5 விழுக்காடு. மிகச் சிறந்த கருவிதான். தெய்வ வாக்கு அன்று.

அப்படியானால் டி.என்.ஏ. தெய்வ வாக்கோ? ஜெர்மனியில் 'ஹைல்புரோன் மாயாவி' என்ற பெயரில் ஒரு பெண்ணைத் தேடினார்கள். 2007இல் காவல் அதிகாரி ஒருவர் கொலையுண்ட இடம் உட்பட, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு நாடுகளில் ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் அவளுடைய டி.என்.ஏ. கிடைத்தது. கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல் என்று எங்கும் அவள்! 2009இல் உண்மை வெளிவந்தது. அவள் குற்றவாளியே அல்லள். தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சிகள் தயாரான இடத்தில் பணிபுரிந்த ஒரு தொழிலாளி. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான், டி.என்.ஏ. நீக்கப்பட்டவை அல்ல. இரண்டும் வேறு வேறு என்பதை உலகம் அன்றுதான் உறைக்க உணர்ந்தது. அதற்கான அனைத்துலகத் தரவிதி 2016இல் வந்தது. எண்ணிப் பாருங்கள்: நாற்பது இடங்களில் டி.என்.ஏ.வை விட்டுச் சென்ற ஒருத்தி, எங்கும் ஒரு விரல்ரேகையைக்கூட விடவில்லையா என்ற ஒரு கேள்வியைத் தொடக்கத்திலேயே உரக்கக் கேட்டிருந்தால், மாயாவி பிறந்திருக்கவே மாட்டாள்.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு கொலை. மாண்டவரின் விரல் நகத்தில் வேறொருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. அந்த மனிதர் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டோடு ஐந்து மாதத்திற்கு மேல் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கி மருத்துவமனையில் கிடந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவரை மருத்துவமனையில் சேர்த்த அதே மருத்துவ உதவியாளர்கள்தாம் சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டிற்கும் சென்றிருந்தனர். அவருடைய டி.என்.ஏ. அவர்களோடு பயணம் செய்திருக்கிறது!

டி.என்.ஏ. இப்படி ஆளின்றியே பயணம் செய்யும். ரேகை அப்படிப் போகாது. விரல் பட்ட இடத்தில்தான் ரேகை இருக்கும் (பொருள் வேண்டுமானால் இடம் மாறலாம்). மறுபுறம், குழம்பிய ரேகையை ஆய்வாளரின் கண் தவறாகப் படிக்கலாம். அந்த இடத்தில் டி.என்.ஏ. அவரைத் திருத்தலாம். ஒரே கருவில் உருவான இரட்டையரை வழக்கமான டி.என்.ஏ. ஆய்வால் பிரிக்க இயலாது, ரேகையால் இயலும். ஒன்றின் நொண்டிக்கால் மற்றொன்றின் நல்ல கால். இரண்டும் சேர்ந்தும் சொல்லாத ஒன்று உண்டு: எப்பொழுது தொட்டான், ஏன் தொட்டான் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

இஃது ஏதோ அயல்நாட்டுக் கதை என்று நினைத்து விடாதீர்கள். நம் நாட்டில் இது வந்து நிற்கும் இடம் போதைப்பொருள் வழக்கு.

1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, போதைப்பொருள் அடங்கிய பொருள் ஒருவருடைய காவலிலோ கட்டுப்பாட்டிலோ இருந்தால், அது தம்மிடம் இருப்பதும் இன்னதென்பதும் அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் ஊகிக்கும். அளவு 15 கிராம் ஹெராயினை எட்டினால் கடத்தல் என்றே ஊகிக்கும். மாறாக மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். வெறும் ஐயத்தை எழுப்பினால் போதாது. தாம் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்ட வேண்டும். இவ்விரு ஊகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இடமளித்த பிரிவு செல்லாது என்று 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஓர் ஆறுதல். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது இன்னோர் ஆறுதல். ஆயினும் மரண தண்டனை நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறதே ஒழிய, மறைந்துவிடவில்லை.

இப்பொழுது ஓர் இளைஞன் சொல்கிறான்: "பை என்னுடையதன்று, தெரிந்தவர் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது." பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லைச் சோதிக்க உலகில் இருக்கும் நடுநிலையான சாட்சி எது? வெளிப்பையின் கைப்பிடியில் அவன் தடயம் இருக்கும். அதில் வியப்பில்லை, அவன்தானே தூக்கி வந்தான்! உள்ளே இருக்கும் பொட்டலத்தின் முடிச்சில் யார் தடயம்? சுற்றிய நாடாவின் பசைப்பக்கத்தில் யார் ரேகை? கட்டியவன் ஒருவன் இருக்கிறான். அவன் விரல் அங்கே பட்டிருக்கிறது. அவனைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பொட்டலம் எடை போடப்படுகிறது, உள்ளிருக்கும் பொருள் வேதியியல் ஆய்வுக்குச் செல்கிறது. உறையை ஆய்ந்தீர்களா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், விரல்ரேகையோ டி.என்.ஏ.வோ எடுக்காமல் விட்டது வழக்கைக் குலைக்கும் குறையாகாது என்று நம் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. சிங்கப்பூரிலோ, பொதிகளின் டி.என்.ஏ. ஆய்வு முடிவுகள் தீர்ப்புகளில் பதிவாகி வருவதைக் காண்கிறோம். அங்கே அதனால் தண்டனை குறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று என்கிறேன்.

நீதிமன்றத்தின் தருக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. பிற சான்றுகள் வலுவாக இருந்தால் ரேகை எதற்கு? தடயம் கிடைக்காததால் தொடவில்லை என்றும் ஆகிவிடாது. உலர்ந்த கை, கையுறை, சுருங்கிய நெகிழி என்று ரேகை விழாமல் போக நூறு காரணங்கள் உண்டு. இவை எல்லாம் உண்மை. ஆனால் தேடிக் கிடைக்காமல் போவது வேறு, தேடாமலே விடுவது வேறு. மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் வைத்த பிறகு, அவன் மெய்ப்பிக்கக் கூடிய ஒரே பொருளைத் துடைக்காமல், படமெடுக்காமல், வெறுங்கையால் புரட்டிவிட்டு, "இது குறையாகாது" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? தேர்வறையில் மாணவனின் எழுதுகோலைப் பிடுங்கிக்கொண்டு விடை எழுதச் சொல்வது போன்றது அது.

ஆய்வுக்கூடங்களில் வேலைச்சுமை மிகுதி, பணமில்லை, ஆளில்லை என்பார்கள். ஒப்புக்கொள்வோம். எனவேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எடுத்து வைப்பது வேறு, ஆய்வது வேறு. முடிச்சை வெட்டி உலர்ந்த தாளுறையில் இடுவதற்கும், நாடா நுனியைத் தனியே காப்பதற்கும், ரேகையைப் படமெடுத்துக் கோப்பில் வைப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். இன்று ஆயாவிட்டாலும் பத்தாண்டு கழித்து ஆயலாம். அமெரிக்காவில் 1989 முதல் 375 பேருக்கு மேற்பட்டோர், தண்டனை பெற்றபின் நடந்த டி.என்.ஏ. ஆய்வால் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டனர். அப்படி ஓர் ஆய்வு நடக்க வேண்டுமானால், எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் அந்தப் பழைய தடயத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்க வேண்டும். நம்மிடம் 2009ஆம் ஆண்டு டி.என்.ஏ. அடையாளச் சட்டம் இருக்கிறது. ஆள்களின் டி.என்.ஏ.வைச் சேர்த்து வைக்கச் சட்டம் செய்யத் தெரிந்த நமக்கு, பொருள்களின் தடயத்தைக் காத்து வைக்க மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

டி.என்.ஏ. முறை குற்றவழக்கில் முதன்முதலாகச் செய்த வேலை என்ன என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். 1986இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கொலையில் 17 அகவை இளைஞன் ஒருவன் கைதானான். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் வாக்குமூலம் இருந்தது. ஜெஃப்ரீஸின் ஆய்வு அவன் குற்றவாளி அல்லன் என்று காட்டியது. உண்மைக் குற்றவாளி அதன் பிறகுதான் பிடிபட்டு, 1988இல் தண்டனை பெற்றான். ஆக, முதலில் அகப்பட்டது குற்றவாளி அல்லன். முதலில் வெளியே வந்தவன் குற்றமற்றவன்!

ஆசிரியர்கள் முகாமை நிறுத்த வேண்டியதில்லை. பாடத்தை மாற்றினால் போதும். நம் ஆறாம் ஆண்டு மாணவர் 12 அகவையில் மைகாட் எடுக்கச் சென்று இரு கட்டைவிரல்களையும் பதிவு செய்கிறார். ஆகவே இது அவர்களுக்குத் தொலைவான செய்தியன்று. இரு குழுக்களிடம் ஒரே மாதிரியான இரு குவளைகளைக் கொடுங்கள். ஒரு குழு முதலில் ஈரப் பஞ்சுக்குச்சியால் குவளை முழுவதையும் துடைக்கட்டும், பிறகு தூள் தூவட்டும். மற்றக் குழு முதலில் படமெடுத்து, ரேகை தெளிவாக விழும் இடத்தையும் குழம்பும் இடத்தையும் வரைந்து பிரித்து, குழம்பிய இடத்தில் மட்டும் குச்சியை வைக்கட்டும். இரண்டு தாள்களையும் கரும்பலகையில் அருகருகே ஒட்டுங்கள்.

அடுத்து, ஒரு மாணவரின் உள்ளங்கையில் மட்டும் சிறிது மினுக்குத்தூளைத் தடவி, மூவரோடு கைகுலுக்கச் சொல்லுங்கள். அம்மூவரும் வகுப்பில் வழக்கம்போல் பத்து நிமிடம் வேலை செய்யட்டும். பிறகு விளக்கை அணைத்துக் கைவிளக்கால் தேடினால், அந்த முதல் மாணவர் ஒருபோதும் தொடாத மேசையிலும் நூலிலும் கதவுக் குமிழிலும் அவருடைய மினுக்கு மின்னும். "இந்தக் கதவைத் திறந்தவர் யார்?" என்று கேளுங்கள். மாணவர்கள் என்ன விடை சொன்னார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.